மண்குவளையும் தோல்பந்தும்

ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு இராமானுசர் பிறந்தார் என்பது வைணவ மரபு. அவர் காஞ்சியில் இல்லறத்திலிருந்த நாளில் நடந்ததாகக் குருபரம்பரைக் கதைகள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும். பூந்தமல்லியைச் சேர்ந்தவரும் அந்தணரல்லாதவருமான திருக்கச்சி நம்பியை அவர் விருந்துண்ண அழைத்தார். நம்பி உண்ட இலையில் எஞ்சியதைத் தாம் உண்ண வேண்டும் என்பது அவருடைய உட்கருத்து. அடியாரை எதிர்கொண்டழைக்க அவர் ஒரு தெரு வழியே போக, நம்பி வேறொரு தெரு வழியே வந்து உண்டு கோயில் பணிக்குத் திரும்பிவிட்டார். இராமானுசர் வீடு வந்தபோது இலை எறியப்பட்டிருந்தது. நம்பி அமர்ந்த இடம் மெழுகப்பட்டிருந்தது. மனைவியார் நீராடி முடித்திருந்தார்.

அந்த மெழுகிய தரையின் ஈரம் இந்த மண்ணில் எத்தனை நூற்றாண்டு காயாமல் இருந்தது என்பதைப் பந்திகளின் வரலாறுதான் சொல்லும். இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார்களும் லாரிகளும் செய்கின்ற ஆலைகள் நிற்கின்றன. ஆலையின் உணவுக்கூடத்தில் ஒரே சீருடையில், ஒரே மேசையில், யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று கேளாமல் தட்டேந்தி அமர்வது இயல்பாகிவிட்டது. இயல்பானவற்றின் பின்னே யாரோ ஒருவர் தனித்து நின்ற காலம் ஒன்று உண்டு. அவ்வாறு தனித்து நின்றவர்களுள் ஒருவர், வியப்பாகத் தோன்றலாம், ஒரு கிரிக்கெட் பந்துவீச்சாளர். அவர் பெயர் பல்வாங்கர் பாலு.

பாலுவின் கதைக்குள் புகுமுன் சென்னைச் சேப்பாக்கத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே 1846-இல் தோன்றிய சென்னை கிரிக்கெட் மன்றம் ஐரோப்பியர்க்கு மட்டுமே உரியது. இந்தியர் ஆட வந்தாலும் பெவிலியனுக்குள் அவர்க்கு இடமில்லை. உடை மாற்றுவதும் உணவருந்துவதும் மரத்தடியில். செல்வக் குடும்பத்தில் வளர்ந்த புச்சிபாபு நாயுடு என்னும் இளைஞர் இதைப் பொறாமல் 1888-இல் சென்னை ஐக்கிய மன்றத்தைத் தோற்றுவித்தார். இந்திய இளைஞர்க்கு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்துப் பழக்கினார். ஐரோப்பியரும் இந்தியரும் நேர்நின்று ஆடும் மாகாண ஆட்டத்துக்கு அவர் வழி வகுத்தார். 1908 டிசம்பரில் அது நிகழ்வதற்குச் சற்று முன் அவரே மறைந்துவிட்டார். இன்றும் அவர் பெயரால் ஒரு போட்டி சென்னையில் நடக்கிறது.

வெள்ளையர் இந்தியரை மரத்தடியில் உட்கார்த்தினர். அது நிறத்தின் வேலி. அந்த வேலிக்கு வெளியே நின்று மனம் புழுங்கிய இந்தியர், தமக்குள்ளே இன்னொருவரை எங்கே உட்கார்த்தினர் என்ற கேள்விக்குப் புனே நகரம் விடை வைத்திருந்தது.

பாலு 1876-இல் தார்வாடில் பிறந்தார். கொங்கணக் கரையின் பல்வான் என்னும் ஊர் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது. தோல் தொழில் செய்யும் சமார் குலம். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குலம். தந்தை இராணுவத்தில் பணி செய்தார். படைவீரர்கள் ஆடி ஒதுக்கிய மட்டையும் பந்தும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினர். பள்ளிப் படிப்பு நீளவில்லை. புனேயில் பார்சிகளின் ஆடுகளம் ஒன்றைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் மாதம் 3 ரூபாய்க்குப் பாலு வேலையில் சேர்ந்தார். 1892-இல் ஐரோப்பியரின் பூனா மன்றத்துக்கு மாறியபோது ஊதியம் 4 ரூபாயாயிற்று. களத்துக்கு உருளையிட வேண்டும். கோடு கிழிக்க வேண்டும். பயிற்சி வலை கட்ட வேண்டும். அந்த வேலைகளுக்கு நடுவே, துரைமார் மட்டை பிடித்துப் பழக அவர்களுக்குப் பந்து வீசவும் வேண்டும்.

விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர் என்று இன்று கோடிகளில் பேசப்படுகின்றவர்களின் முன்னோடி இந்த நான்கு ரூபாய்க் களப்பணியாளர்தான். பாலுவின் இடக்கைச் சுழற்பந்து அந்த வலையில்தான் கூர்மை பெற்றது. அக்காலத்து இந்தியாவில் தலைசிறந்த ஐரோப்பிய மட்டையாளராகிய கிரெய்க் என்பவர், மற்றவர் வருமுன்னரே வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பழகுவாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. நூற்றுக்கணக்கான மணி நேரம் பாலு அங்கே பந்து வீசினார். ஒரு முறையேனும் அவர் கையில் மட்டையைக் கொடுத்து ஆடு என்று சொன்னவர் இல்லை என்பதை அவரே பின்னாளில் தம் மகனிடம் கூறியிருக்கிறார். மட்டை பிடிப்பவர் எசமானர், பந்து வீசுபவர் ஊழியர் என்ற பாகுபாடு அந்த ஆட்டத்தோடு இங்கிலாந்திலிருந்தே வந்தது. இங்கே அதன்மேல் நிறமும் சாதியும் ஏறிக்கொண்டன.

பூனாவின் இந்துக்கள் நடத்திய மன்றம் ஐரோப்பியரை வெல்லும் ஆசை கொண்டது. வெல்ல வேண்டுமானால் பாலு வேண்டும். பாலுவைச் சேர்த்தால் தீட்டு. மன்றத்து அந்தணர்களிடையே இதுபற்றிப் பெரும் வாதம் நடந்தது. பாலுவைப் பயன்படுத்தாமல் விடுவது அறிவீனம் என்று கிரெய்க்கே சொன்னது செய்தியாயிற்று. ஐரோப்பியர் சொன்ன பிறகு இந்துக்களுக்குத் துணிவு வந்தது போலும்! பாலு சேர்க்கப்பட்டார்.

சேர்க்கப்பட்ட விதம்தான் இவ்வரலாற்றின் நெஞ்சு. களத்துக்குள் அவர் வீசிய பந்தை மற்றவர் தொட்டனர். மற்றவர் பிடித்து எறிந்த பந்தை அவர் தொட்டார். தேநீர் இடைவேளை வந்ததும் பதினொருவரில் பதின்மர் பெவிலியனுக்குள் சென்றனர். பாலு வெளியே நின்றார். மற்றவர்க்குப் பீங்கான் கோப்பை. அவர்க்கு ஒரு முறை குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளை. முகங்கழுவ நீர் வேண்டுமானால் அவர் குலத்துப் பணியாளர் ஒருவர் களத்தின் ஓரத்தில் கொண்டுவந்து கொடுப்பார். பகலுணவும் தனித்தட்டில், தனிமேசையில். இடைவேளை முடிந்ததும் அதே கை அதே பந்தை வாங்கிக்கொண்டது.

கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. பதனிட்ட தோலைத் தைத்துச் செய்த அந்தச் செந்நிறப் பந்தை அந்தண இளைஞர் தொடையில் தேய்த்துப் பளபளப்பேற்றினர். தோலில் தீட்டு இல்லை. தோலைப் பதனிடும் குலத்து மனிதரிடத்தில் மட்டும் இருந்தது. இதை எந்தத் தருமநூல் கொண்டு விளக்கினார்களோ தெரியவில்லை. எவரும் விளக்க முற்பட்டதாகவும் இல்லை. வசதிக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும் ஆசாரம் விளக்கத்தை எதிர்பார்ப்பதில்லை அன்றோ.

பாலுவின் பந்துவீச்சால் பூனா இந்துக்கள் வெற்றி பெறத் தொடங்கினர். ஒருமுறை சாத்தாராவில் ஐரோப்பியரோடு ஆட்டம். பாலுவின் சுழல் எடுபடாதபடி பல நாள் உருளையிட்டுக் களத்தை இறுக்கிவைத்திருந்தனர். அந்தக் களத்திலேயே பாலு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பூனாவில் அவருக்குப் பாராட்டு நிகழ்ந்தது. மகாதேவ கோவிந்த ரானடே மாலை அணிவித்தார். திலகரும் புகழ்ந்து பேசினார். சேர்ந்து ஆடக் கூடுமானால் சேர்ந்து உண்ணவும் கூடும் என்பது ரானடேயின் அறிவுரை.

1890-களின் பிற்பகுதியில் பூனாவைக் கொள்ளைநோய் தாக்கியது. பாலு பம்பாய்க்குச் சென்றார். அங்கே பம்பாய் பரோடா மத்திய இந்திய இரயில்வேயில் வேலையும் அதன் அணியில் இடமும் கிடைத்தன. இந்து ஜிம்கானா அவரைச் சேர்க்கத் தயங்கியது; பிறகு சேர்த்துக்கொண்டது. பம்பாயில் மண்குவளை இல்லை. உடன் ஆடியவரோடு ஒரே இடத்தில் அவர் உணவருந்தினார். புகைவண்டியும் பஞ்சாலையும் பல குலத்தவரை ஒரு கூரையின் கீழ் நெருக்கிவைத்த நகரம் அது. தொழில் பெருகிய இடத்தில் ஆசாரம் சற்றுத் தளர்வது பம்பாய்க்கு மட்டும் உரிய அனுபவம் அன்று என்பதை ஒரகடத்துச் சாலையில் வாழ்வோர் அறிவர். ஆனால் தளர்வது வேறு, அறுவது வேறு. அந்த வேறுபாட்டைப் பாலுவின் பிற்கால வாழ்க்கை காட்டும்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசி உணர்ச்சி நாடெங்கும் பரவியிருந்த நேரம். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. இந்துக்களுக்கு 109 ஓட்ட வெற்றி. பாலு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 8 விக்கெட் எடுத்தார். சிவராமும் அந்த அணியில் ஆடினார். நாடே கொண்டாடிய அந்த வெற்றியை வேறொரு கண்ணால் பார்த்த ஏடு ஒன்று உண்டு. 1890-இல் சென்னையில் தோன்றிப் பின்னர்ப் பம்பாய்க்கு இடம்பெயர்ந்த 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' அது. அதன் ஆசிரியர் காமாட்சி நடராசன் தமிழர். இந்தச் சகோதரரை இந்து ஜிம்கானா சேர்த்துக்கொண்டதே பெரிய செய்தி என்றும், மற்றத் துறைகளில் நடந்த சீர்திருத்த முயற்சிகளைவிட அது இளைஞர் மனத்தை விரியச் செய்தது என்றும் அவ்வேடு எழுதியது. ஓட்டக் கணக்கை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது பந்திக் கணக்கைப் பார்த்தவர் ஒரு தமிழர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

உலகின் மற்ற இடங்களிலும் அக்காலத்தில் வேலிகள் உயர்ந்தே நின்றன. 1894-இல் இங்கிலாந்து சென்ற தென்னாப்பிரிக்க அணியில் க்ரோம் ஹெண்ட்ரிக்ஸ் என்னும் வேகப்பந்து வீச்சாளர்க்கு, வெள்ளையர் அல்லர் என்பதற்காகவே இடம் மறுக்கப்பட்டது. மூட்டை சுமப்பவராக வேண்டுமானால் உடன் வரலாம் என்று கூடப் பேசினர். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் அணிகளின் கதவு ஜாக்கி ராபின்சனுக்கு 1947 ஏப்ரல் 15-இல் திறந்தது. பாலு மண்குவளையில் தேநீர் குடித்து அப்போது ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. ராபின்சனின் பெயர் உலகறிந்தது. பாலுவின் பெயரை அவர் நாட்டாரே மறந்திருந்தனர்.

1911-இல் பாட்டியாலா அரசர் பூபிந்தர் சிங் தலைமையில் அகில இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. பார்சி, இந்து, முஸ்லிம், சீக்கியர் சேர்ந்த அணி. அதில் பல்வாங்கர் சகோதரர் இருவர். அரசர் ஆட்டத்தைவிட விருந்துகளில் மிகுதியும் ஈடுபட்டார். அணி பெரும்பாலும் தோற்றது. முப்பத்தைந்து வயதான பாலு மட்டும் ஓயாமல் பந்து வீசினார். லெஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் 11 விக்கெட். பயணம் முழுவதிலும் 114 விக்கெட். பம்பாய் திரும்பியதும் தாழ்த்தப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு நடத்தினர். அங்கே வரவேற்புரை வழங்கியவர் கல்லூரி மாணவராக இருந்த ஓர் இளைஞர். பெயர் பீமராவ் அம்பேத்கர்.

இத்தனைக்கும் பிறகு இந்து அணியின் தலைமை மட்டும் பாலுவுக்கு வரவில்லை. அணியில் மூத்தவர் அவர். வெற்றிகளைத் தேடித் தந்தவர் அவர். தலைவர்களோ மேற்குலத்தவரிலிருந்தே வந்தனர். அவருள் ஒருவரான எம்.டி. பை, 1913-இல் தமக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, இந்தப் பெருமை மூத்தவரான பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னவரின் பெருந்தன்மை பெரிது. சொல்லைக் கேட்டும் தேர்வுக்குழு அசையவில்லை.

ஒருவரை ஆட விடுவதில் இலாபம் உண்டு, விக்கெட்டுகள் வரும். ஒருவரைத் தலைவராக்கினால் அவர் சொல்லுக்குப் பதின்மர் நகர வேண்டும். நீ அங்கே நில், நீ பந்தை எடு என்று தீண்டாதார் குலத்தவர் ஒருவர் கைகாட்ட, அந்தணர் ஓடி நிற்க வேண்டும். மண்குவளை போன இடத்தில் தங்கியிருந்த தடை இதுதான்.

1920-இல் அது வெடித்தது. பம்பாயில் நாற்கோணப் போட்டி. பை உடல்நலமின்றி முதலாட்டத்துக்கு வரவில்லை. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். எஞ்சியோரில் தலைமைக்கு உரியவர் பாலுவின் இளைய தம்பி விட்டல், சிறந்த மட்டையாளர். தேர்வுக்குழு அவரை விட்டுவிட்டு, பூனாவைச் சேர்ந்தவரும் அவருக்கு இளையவருமான டி.பி. தேவதரைத் தலைவராக்க முடிவு செய்தது. விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினர். காரணத்தைப் பத்திரிகையில் அறிக்கையாகவே வெளியிட்டனர். முப்பது ஆண்டு பொறுமைக்குப் பின் இந்தக் குடும்பம் உரத்துப் பேசியது அப்போதுதான். பாலு தம் வாழ்நாள் முழுதும் காட்டிய துணிவு, கொடுத்த இடத்தில் நின்று யாரும் மறுக்க முடியாதபடி ஆடுவது. தம்பியர் காட்டியது வேறு துணிவு, ஆடாமலே நிற்பது. பின்னதற்கு முன்னது வழி செய்தது என்பதில் ஐயமில்லை. விக்கெட் எடுக்காதவர் வீட்டார் வெளிநடப்புச் செய்திருந்தால் அன்றைய பம்பாய் திரும்பிப் பார்த்திருக்குமா?

மக்கள் கருத்துச் சகோதரர் பக்கம் சாய்ந்தது. நாக்பூர்க் காங்கிரசு தீண்டாமையை ஒழிக்குமாறு இந்துக்களை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியதும் அந்த 1920 டிசம்பரில்தான். இறுதியாட்டத்துக்குப் பை திரும்பினார், பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார், தம்பியரும் வந்தனர். ஆட்டத்தின் நடுவே பை களத்தைவிட்டுச் சிறிது நேரம் வெளியேறினார். வேண்டுமென்றே வெளியேறினார் என்பர். அந்தச் சிறு நேரம் பாலு கைகாட்ட, இந்து அணி நகர்ந்தது.

1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். இறுதியாட்டத்தில் ஐரோப்பியரை வென்றதும் பம்பாய்க் கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. தூக்கியவர்களில் எல்லாக் குலத்தவரும் இருந்தனர். அடுத்த ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கிற்று. பெரியார் சிறை புகுந்தார். 1927 மார்ச்சு 20-ஆம் நாள் மகாடில் பொதுக்குளத்து நீரை அம்பேத்கர் கையால் அள்ளிப் பருகினார். ஒரு குலத்தவரைத் தோளில் சுமந்த அதே மாகாணத்தில் அவர்கள் குளத்துநீரைத் தொட ஊர்வலம் போக வேண்டியிருந்தது. ஆடுகளத்து வெற்றி தெருவுக்கு வந்து சேர எவ்வளவு தொலைவு என்பதற்கு இதைவிட அளவுகோல் வேண்டுவதில்லை.

பாலுவின் கடைசிப் பகுதி அவரைப் போற்றுவோர் விரைந்து கடந்துவிடும் பகுதி. 1932-இல் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித்தொகுதி என்ற முடிவை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். பாலு கூட்டுத்தொகுதியின் பக்கம் நின்றார். சென்னை மாகாணத்து எம்.சி. ராஜாவும் அவ்வாறே நின்றார். செப்டம்பர் 24-இல் எழுதப்பட்ட பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ராஜா, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரும் அன்று அதே மாவட்டத்தில் அடங்கியதுதான்.

1937-இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தல். தம்மை ஒருகாலத்தில் வரவேற்றுப் பேசிய அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரசு வேட்பாளராகப் பாலு நின்றார். அம்பேத்கர் 13,245 வாக்குப் பெற்று வென்றார். பாலு பெற்றவை 11,225. பாலுவைக் காங்கிரசு கருவியாகக் கொண்டது என்று குறை சொல்வோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் மண்குவளையிலிருந்து ஒரே மேசை வரை மேற்குலத்தார் மனம் மாறியதைத் தம் வாழ்விலேயே கண்டவர், அந்த மாற்றம் இன்னும் மேலே செல்லும் என்று நம்பியதில் வியப்பில்லை. அம்பேத்கர் கண்டது வேறு: விக்கெட் எடுக்கும் வலிமை இல்லாத கோடிக்கணக்கானவர்க்கு அந்த மேசை எப்போது வரும் என்ற கேள்வி. பாலுவைப் போன்ற திறன் படைத்தவர்க்கு மட்டும் திறக்கும் கதவு கதவாகாது என்ற அளவில் அம்பேத்கர் பக்கமே நியாயம் மிகுதி.

1955 ஜூலை 4-ஆம் நாள் பாலு பம்பாயில் காலமானார். விட்டல் 1948-இலேயே தம் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் நூலாக எழுதியிருந்தார். மராத்தி அறியாதார்க்கு இச்சகோதரர் வரலாறு எட்டவேயில்லை. 2002-இல் ராமச்சந்திர குகாவின் கிரிக்கெட் வரலாற்று நூல் வந்த பிறகே அது பரவலாகப் பேசப்பட்டது. முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, சராசரி 15.21 என்று புள்ளிவிவர ஏடுகளில் பாலுவின் கணக்கு இருக்கிறது. அணித்தலைவர் என்ற நிரலில் அவர் பெயர் இல்லை. 1920 இறுதியாட்டத்தில் பை வெளியே நின்ற அந்தச் சிறு நேரத்தைக் குறிக்கும் வழக்கம் ஆட்டக்கணக்கில் கிடையாது.